சாரைப்பாம்பு இருக்கட்டும், அந்த ஆளை முதலில் அனுப்புங்கள்

கேள்வி: கோவையில் சிங்காநல்லூர்க் குளத்துக்குப் பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பொடக்காலியில் முருங்கை, கொய்யா, இரண்டு தென்னை. தவிட்டுக்குருவி, அணில், செம்போத்து, சில நாள் கீரி என்று காலை நேரமே கலகலப்பாக இருக்கிறது. மகள் பள்ளிக்குக் கிளம்பும் வரை அங்கேதான் நிற்பாள். போன வாரம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஆறடிப் பாம்பு ஒன்று போனது. சாரை என்கிறார் பால்காரர். அன்றிலிருந்து மாமியார் பின்கதவைத் திறக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்த ஒருவர், "பாம்பு, கீரி எல்லாத்தையும் புடிச்சுட்டுப் போயி ஆனமலைக் காட்டுல உட்டர்றனுங்க, எட்டாயிரம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா? தென்னையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்றும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. மகள் வளர்க்கக் கேட்கிறாள்.

பதில்: எட்டாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மணி. பின்கதவையும் திறந்து விடுங்கள்.

பகலில் வந்தது, நீளமாக இருந்தது, ஆளைக் கண்டதும் விருட்டென்று ஓடியது என்றால் பெரும்பாலும் சாரைதான். விஷம் கிடையாது. எலியும் தவளையும்தான் அதன் சாப்பாடு. நொய்யல் தண்ணீர் வந்து சேருகிற குளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு சாரையே கண்ணில் படவில்லை என்றால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பால்காரர் சொன்னதை நம்பி யாரும் கிட்டே போக வேண்டாம். நல்லபாம்பும் தன் பாட்டுக்குப் போகும்போது படம் எடுக்காது. எந்தப் பாம்பானாலும் சரி, தோட்டத்தில் கண்டால் பத்தடி தள்ளி நில்லுங்கள், அது போய்விடும். சாரையும் நல்லபாம்பும் சேரும், அடித்தால் ஜோடி தேடி வரும் என்பதெல்லாம் கதை. பாம்புக்குப் பழி வாங்கத் தெரியாது.

மாமியாருக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். அவருக்கு வேண்டிய காவல் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறிக்கொண்டே கீச்சிடும். அது அவற்றின் சாதாரணப் பேச்சு. திடீரென்று எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்து, தாழ்ந்த கிளைகளில் உட்கார்ந்து, நிறுத்தாமல் கத்தினால் கீழே பாம்போ பூனையோ இருக்கிறது. மைனாவும் வந்து சேர்ந்துகொள்ளும். அணில் வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி ஒரே தாளத்தில் விடாமல் கத்தும். கொஞ்ச நாள் கவனித்தால் சாதாரணக் கத்தலும் எச்சரிக்கைக் கத்தலும் காதுக்குத் தனித்தனியாகப் பிடிபடும். சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறதோ பாம்பும் அந்தப் பக்கம் நகர்கிறது. சத்தம் நின்றால் அது போய்விட்டது அல்லது எங்கோ புகுந்துவிட்டது. உங்கள் மகளுக்கு இதைப் பழக்கிவிட்டால் துணி காயப்போடப் போகும் முன் பாட்டி அவளைத்தான் கேட்பார்.

இப்போது அந்த எட்டாயிரத்துக்காரர். இவர்களைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. சாக்குப்பையோடு வருவார்கள். தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, புதருக்குள் கையை விட்டு ஒரு பாம்பை எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பாம்பு அவரோடு அதே பையில் வந்ததாகக்கூட இருக்கலாம். உடனே, "இன்னொன்னு இருக்குதுங்க, இது ஜோடி" என்பார்கள். தொகை இரண்டு மடங்காகும். உங்களுடைய சாரையையே பிடித்தாலும் ஆனைமலை வரை கொண்டுபோவார் என்று நம்ப வேண்டாம், ஊர் தாண்டி ஏதாவது பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போவார். பழகாத இடத்தில் விட்ட பாம்பு பிழைப்பது கஷ்டம். இங்கே எலி இருக்கிற வரை காலியான இடத்துக்கு வேறொன்று வரும், இந்த முறை அது சாரையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கீரியை ஏன் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் தெரியுமா? கீரி முடிக்கு ஓவியத் தூரிகைக் கள்ள வியாபாரத்தில் விலை உண்டு. பாம்பைத் துரத்துகிற பிராணியையே காசு கொடுத்து அனுப்பி வைக்கிறோம், பாருங்கள்.

இதே ஆசாமிகளின் இன்னொரு வியாபாரம் மண்ணுளிப் பாம்பு. வாலும் தலை மாதிரி மழுங்கியிருக்கும், இருதலை மணியன் என்பார்கள். இத்தனை கிலோ இருந்தால் இத்தனை லட்சம், வெளிநாட்டில் மருந்துக்கு வாங்குகிறார்கள் என்று தோட்டம் தோட்டமாக வந்து சொல்வார்கள். மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை. பிடிபட்டால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான். உங்கள் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது ஒன்று வந்தால் மண்ணைத் திரும்ப மூடிவிட்டு வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்துச் சாக்கில் போடுவதும் பொறி வைப்பதும் வேட்டைக் கணக்குத்தான். சாரை, கீரி, கிளி, மயில் எல்லாம் அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆகவே அந்த ஆளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்குங்களா?" அவர் செருப்பைத் தேடுவார். இந்தச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எந்த உயிர் எந்த அட்டவணையில் என்று பார்க்கப் போனால் பக்கம் பக்கமாக விலங்கியல் பெயர்கள். பொடக்காலியில் நிற்கிற மனிதருக்குப் புரிகிற மாதிரி வார்டுக்கு ஒரு தமிழ்ப் பலகை வைக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பாம்பு என்றால் ஒரு துறை, கீரி என்றால் ஒரு துறை, புதர் வெட்ட இன்னொரு துறை. ஒருவருக்குப் போன் செய்தால் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். எந்தத் துறைக்குக் கீழே வருகிறோம் என்று பாம்பா விசாரித்துக்கொண்டு வரும்? நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் எட்டாயிரத்துக்காரர் பிழைக்கிறார்.

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரே விதிவிலக்கு, பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால். அப்போது விட்டுவிடக் கூடாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களின் பக்கத்தில் வந்து, புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகுதல், பேச்சுக் குழறல் என்று ஆரம்பிக்கும். வாயுத்தொல்லை என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இதே மாதிரி கோடு போட்ட, விஷமில்லாத ஓநாய்ப்பாம்பும் வீட்டுக்குள் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல நிபுணர்களே நின்று பார்ப்பார்கள், நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

வீட்டுக்குள் எந்தப் பாம்பைக் கண்டாலும் குழந்தையையும் பெரியவரையும் வெளியே அனுப்பி, அந்த அறைக்கதவைச் சாத்தி, அடியில் துணியைத் திணித்துவிட்டு 101-க்குக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறையினர் காசு வாங்காமல் பிடித்துக்கொண்டு போவார்கள். மாமியார் தரையில் படுக்கிறவரானால் இன்றைக்கே கட்டிலுக்கு மாற்றி, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். பின்கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள், சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை போடுங்கள். கடித்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே 108. கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கப் போகக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான். அதனால் பாம்பை அடித்துப் பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் சின்ன வேலை. விறகு, ஓடு, பழைய டயர் குவியல் இருந்தால் அகற்றுங்கள். காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, மிச்சத்தை இரவு விட்டுவைக்காதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலிக்கு விஷம் வைக்காதீர்கள். அந்த எலியைத் தின்கிற கூகையும் சேர்ந்து சாகும். பாம்பை விரட்டும் பொடி, பினாயில், பூண்டுத் தண்ணீர் எல்லாம் கடைக்காரருக்குத்தான் லாபம். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள், மாற்றாவிட்டால் கொசு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம். முருங்கை பூக்கும்போது தேன்சிட்டு தானாக வரும். கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைக் கண்டால் நசுக்காமல் விட்டால் உங்கள் மகள் பட்டாம்பூச்சி பார்ப்பாள். மருந்தடிக்கவே அடிக்காதீர்கள்.

கிளிக்குஞ்சை வளர்க்க முடியாது. நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், யார் வீட்டில் எத்தனை வருடமாக இருந்தாலும் சரி. இறகு முளைத்திருந்தால் இன்று சாயங்காலத்துக்குள் அதே தென்னைக்குப் பக்கத்தில், பூனைக்கு எட்டாத கொய்யாக் கிளையில் வைத்துவிட்டு அனைவரும் உள்ளே போய்விடுங்கள். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். கத்துகிற சத்தம் கேட்டுத் தாயும் தந்தையும் வந்து ஊட்டும். இறகே இல்லாத குஞ்சு என்றால் தேங்காய் பறிக்க வருகிறவரிடம் சொல்லிப் பொந்திலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறை அலுவலகம். போன் எடுக்கும் வரை விடாமல் அடியுங்கள். அதுவரை பாலும் சோறும் கொடுக்காதீர்கள், பெட்டியை மூடி நிழலில் வையுங்கள், காற்றுக்கு நாலு ஓட்டை போதும்.