ஒளிவாளின் நுனி ஏன் சிவக்கிறது?

குறும்படத்துக்கும் பாடசாலை நாடகத்துக்கும் ஒளிரும் எதிர்கால வாள் செய்கிற திருகோணமலைப் பிள்ளைகள் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

உப்புவெளி: அண்ணா, என்னென்ன சாமான் வேணும்? ஹாட்வெயார் கடையில எவ்வளவு எடுக்கலாம்?

கைப்பிடிக்கு 32 மி.மீ பி.வி.சி குழாய் ஒரு அடி, முனை மூடி, பசை, கறுப்பு ஸ்பிரே பெயின்ட். ஹாட்வெயாரில் கிடைப்பது இவ்வளவுதான். மின்சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எடுப்பிக்க வேண்டிவரும்: மீட்டருக்கு 144 விளக்குள்ள டபிள்யூஎஸ்2812பி பட்டி இரண்டு மீட்டர் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றலாம், ரப்பர் உறை இல்லாதது), ஈஎஸ்பி32 பலகை (எல்லாவற்றையும் இயக்கும் சிறு கணினி), எம்பியூ6050 அசைவு உணரி, டிஎஃப் பிளேயர் (சத்தக் கோப்புகளை ஒலிக்கும் பலகை), 3 வாட் ஸ்பீக்கர், 10 அம்பியருக்கு மேல் தாங்கும் 18650 லிதியம் பற்றரி, அதற்கு 10 அம்பியர் பாதுகாப்புப் பலகை (மின் மிஞ்சினால் துண்டிப்பது).

வாளின் ஒளிரும் பகுதியான அலகுக்கு 25 மி.மீ வெளிவிட்டமுள்ள பொலிகார்பனேட் குழாய் நல்லது. அக்ரிலிக் அடிபட்டால் கூராக உடையும். பழைய கண்ணாடி ரியூப்லைட்டை வெட்டிப் பார்க்க நினைக்கவே வேண்டாம், உள்ளே பாதரசம் இருக்கிறது.

சாம்பல்தீவு: மீட்டருக்கு 60 விளக்குள்ள பட்டி மலிவு. அது காணாதா?

60 விளக்குப் பட்டியில் ஒரு விளக்குக்கும் அடுத்ததுக்கும் ஏறக்குறைய 17 மி.மீ இடைவெளி. 25 மி.மீ குழாயில் அது புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், கல்யாண வீட்டு மின்குமிழ் மாலைபோல. 144இல் இடைவெளி 7 மி.மீ. அப்போதும் பட்டியை வெறுமனே உள்ளே விடக்கூடாது. 80 செ.மீ நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி (ஒன்றில் 115 விளக்கு வரும்), முதுகோடு முதுகு ஒட்டி, பீங்கான் சாமான் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை ஒரு சுற்றுச் சுற்றி நுழையுங்கள். இரண்டு சுற்று என்றால் ஒளி சீராகும், ஆனால் வெளிச்சம் குறையும். இருட்டு மேடைக்கு இரண்டு, பகலில் படம் பிடிக்க ஒன்று.

கிண்ணியா: நானா, வெள்ளை நிறம் போட்டா பிடிப்பக்கம் வெள்ளை, நுனிப்பக்கம் செம்மஞ்சள். பட்டி பழுதா?

பட்டியில் பிழை இல்லை தம்பி, நுனிக்கு வோல்ட் போய்ச் சேரவில்லை. விளக்குக்குள் இருக்கும் சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பட்டியின் செம்புத்தகடு மெல்லியது, தூரம் போகப்போக வோல்ட் விழும். நீலமும் பச்சையும் முதலில் மங்க, சிவப்பு மட்டும் தெரியும்.

20 ஏடபிள்யூஜி தடிப்புள்ள சிலிக்கன் வயர் இரண்டை, நேர்முனைக்கு ஒன்று எதிர்முனைக்கு ஒன்று, இரண்டு பட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் நுனியிலும் சோல்டர் பிடியுங்கள்.

பிறகு கணக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். 230 விளக்குக்கு 13.8 அம்பியர்! ஒரு 18650க்கு அது பெரிய பாரம். நீலம் மட்டும் என்றால் 4.6. ஃபாஸ்ட்எல்ஈடி நூலகத்தில் (விளக்குப் பட்டியை இயக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) மின்வரம்புக் கட்டளை உண்டு, அதில் 3000 மில்லி அம்பியர் வையுங்கள். நீலத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

மூதூர்: வாளை எரியவிட்ட உடனே எல்லாம் அணைஞ்சு போகுது. டிபி4056 சார்ஜ் பலகைதான் போட்டிருக்கன்.

பாதுகாப்போடு வரும் டிபி4056 பலகை 3 அம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். அதைச் சார்ஜ் போட மட்டும் வையுங்கள், வாளுக்கு மின் 10 அம்பியர் பலகை வழியாகப் போகட்டும். பழைய லப்டொப் பற்றரியில் கழற்றிய செல்லும் இப்படித்தான் ஏமாற்றும்: மீட்டரில் 4.1 காட்டும், பாரம் ஏறியதும் 3க்குக் கீழே இறங்கும்.

நிலாவெளி: பற்றரி மின்னை 5 வோல்ட்டுக்கு உயர்த்திப் பட்டியை ஓட்டினன், முதல் சில விளக்கு கண்டபடி மின்னுது.

5 வோல்ட் கொடுத்தால், நிறக் கட்டளை போகும் தரவுக் கம்பியில் குறைந்தது 3.5 வோல்ட் வரவேண்டும் என்று அந்த விளக்கு எதிர்பார்க்கும். ஈஎஸ்பி32 தருவது 3.3தான். பட்டிக்குப் பற்றரியை நேரே கொடுங்கள். முழுச் சார்ஜில் 4.2, அப்போது 2.94 போதும். 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பலகை ஈஎஸ்பி32 பலகைக்கு மட்டும். ஒவ்வொரு பட்டியின் தரவுக் கம்பியிலும் 330 ஓம், மின் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபரட் கபாசிற்றர்.

தம்பலகாமம்: சும்மா வீசினாலே மோதல் சத்தமும் வெள்ளை மின்னலும் வருது அண்ணா.

உணரியின் வாசிப்பு ஓர் அளவைக் கடந்தால் மோதல் என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். செக்கனுக்கு 600 பாகை வேகத்தில், அரை மீட்டர் ஆரையில் கை சுழன்றால், சுழற்சியாலேயே 5 ஜிக்கு (புவியீர்ப்பின் ஐந்து மடங்கு) மேல் வந்துவிடும், அதில் மோதல் எதுவும் இல்லை. அளவைப் பார்க்காமல், அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். மோதலில் அது திடீரெனத் தாவும், வீச்சில் மெதுவாக ஏறும். ஒருமுறை மோதலைப் பிடித்தபின் 150 மில்லி செக்கன் நிரல் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

உணரி தானாகத் தொடங்கும்போது 2 ஜி வரையும் செக்கனுக்கு 250 பாகை வரையும்தான் அளக்கும். 16 ஜிக்கும் 2000 பாகைக்கும் மாற்றாவிட்டால் மேலே உள்ளது எதுவும் வேலை செய்யாது. உணரியை ஃபோமில் ஒட்டவேண்டாம், குழாயோடு இறுக்குங்கள், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி.

உப்புவெளி (மறுபடியும்): உயிருள்ள ஒளி மாதிரி இல்ல, சும்மா லைட் மாதிரி இருக்கு.

மினுக்கத்துக்கு வெறும் எழுமாற்று எண் போட்டிருப்பீர்கள், அது பழுதான மின்குமிழ்போலத் துடிக்கும். மென்மையாக ஏறி இறங்கும் எண்களைத் தரும் இரைச்சல் சார்பு எடுத்து, வெளிச்சத்தை 5 முதல் 10 வீதம் மட்டும் அசையுங்கள். எரியும்போது அலகு பிடியிலிருந்து நுனிக்கு 300 மில்லி செக்கனில் ஓடட்டும், அணையும்போது கொஞ்சம் ஆறுதலாக. சத்தம் ஒளிக்கு முன்னால் தொடங்கவேண்டும்: டிஎஃப் பிளேயர் கட்டளை கிடைத்த பிறகும் சற்றுத் தாமதிக்கும், அதனால் முதலில் சத்தக் கட்டளை, பிறகு ஒளி.

நடு வெள்ளை, ஓரம் நிறம் என்று படங்களில் தெரிவதை விளக்கில் வெள்ளை கலந்து செய்யப் பார்க்காதீர்கள், நிறம் வெளிறும். கமராவின் வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டினால் நடுப்பகுதி தானாக வெள்ளையாகும். வீடியோவில் கோடு ஓடினால் ஷட்டரை 1/50க்கு இறக்குங்கள்.

டச்சுக் குடா: கடற்கரையில படம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். உப்புக்காற்று சோல்டர் இணைப்புகளைப் பச்சை பூக்கவைக்கும், அதனால் பலகைகளுக்கு நிறமில்லா நகப்பூச்சு இரண்டு தடவை. எம்பியூ6050இன் சில்லிலும் பற்றரி முனைகளிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரட்ரிக் கோட்டைப் பக்கம் கொண்டுபோவதாக இருந்தால், அங்கே இராணுவ முகாம் இருக்கிறது. கறுப்புக் குழாயும் வயரும் தூரத்திலிருந்து விளையாட்டுச் சாமானாகத் தெரியாது. பற்றரியைக் கழற்றித் தனியே வையுங்கள், கேட்டால் திறந்து காட்டுங்கள்.