வாசகர் கேள்வி – பதில்: காற்று வாங்கப் போகும் கூட்டம்

கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்க, போர்டு எனும் பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவள் நான் என்று இந்தப் பகுதியில் ஒருமுறை எழுதிவிட்டேன். அதிலிருந்து கடிதங்களில் பாதி பட்டமும் கடலுமாகவே வருகின்றன. சரி, இந்த முறை அவற்றுக்கே இடம்.

கே: நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரம் கைட் சர்ஃபிங் விடுமுறை போகிறோம். ரிசார்ட் பார்த்தாயிற்று, படங்கள் பிரமாதம். எல்லோருக்கும் லீவு கிடைக்கும் மாதமாகப் பார்த்துப் பதிவு செய்துவிடலாமா? – ஏற்பாட்டுப் பொறுப்பில் மாட்டிக்கொண்டவள்

ப: அந்த மாதம் காற்றும் லீவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ரிசார்ட் படத்தை மறுபடி எடுத்துத் தென்னை ஓலைகளைப் பாருங்கள். எல்லா ஓலையும் ஒரே பக்கமாகச் சீவிவிட்டதுபோல் இருந்தால் நல்லது. நேராகத் தொங்கினால், படம் எடுத்த அன்று அங்கே ஒரு பட்டமும் ஏறியிருக்காது.

வெப்பமண்டலக் கடற்கரைகளில் காற்றுக்கென்று பருவம் உண்டு. இலங்கையின் கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. பிலிப்பைன்ஸின் போரக்கையில் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று. பிரேசிலின் சியாரா கடற்கரைக்கு ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை போகலாம். சான்சிபாரின் பாஜேயில் காற்று மட்டும் போதாது, நீரேற்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். ஆக, முதலில் மாதம், அதற்கேற்ற இடம், அப்புறம்தான் ரிசார்ட்.

ரிசார்ட்டுக்குப் போன் செய்து “காற்று வீசுமா?” என்று கேட்காதீர்கள், வீசும் என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாட், எந்தத் திசை என்று கேளுங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கற்றுக்கொள்பவர்களுக்கு 15 முதல் 20 நாட் வரை வசதி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். 12 நாட் காற்றில் சாதுவாக இருந்த பட்டம் 24 நாட் காற்றில் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால்தான் தெரிந்தவர்கள் 7, 9, 12 சதுர மீட்டர் என்று அளவு அளவாகப் பட்டம் கொண்டுவருகிறார்கள். திசையைப் பொறுத்தவரை, கரைக்குப் பக்கவாட்டில் வந்து கொஞ்சம் கரைப்பக்கம் சாயும் காற்றுதான் பத்திரம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், மீட்புப் படகு இல்லாத இடத்தில் யாரும் இறங்கக் கூடாது.

கே: எங்களில் மூன்று பேருக்கு நன்றாக ஓட்டத் தெரியும். அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் பயிற்சிச் செலவு மிச்சம்தானே? – அதே எட்டில் இன்னொருவர்

ப: வேண்டவே வேண்டாம். நட்பும் போகும், முட்டியும் போகும்.

பயந்தவன் என்ன செய்வான்? கையில் இருப்பதை இறுக்கி மார்போடு இழுத்துக்கொள்வான். பட்டத்தின் பாரை, அதாவது கயிறுகள் வந்து சேரும் கைப்பிடிக் கம்பியை, அப்படி இழுத்தால் விசை கூடும். கூடினால் இன்னும் பயம், இன்னும் இழுப்பு. கையை விட்டால் போதும், பார் தானாக விலகி விசை குறையும். ஆனால் கையை விடு என்று மனித உடம்புக்குத் தோன்றவே தோன்றாது. இதை எதிர்பார்த்தே பயிற்சியாளர் உங்கள் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையின் பின்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் நண்பரோ இருபது மீட்டருக்கும் மேல் நீளமான கயிறுகளின் முனையில் தன் பெரிய பட்டத்தையே கொடுத்துவிட்டு, தள்ளி நின்று “விடுடா, விடுடா” என்று கத்துவார். காற்றில் அது கேட்காது. ஓட்டத் தெரிவது வேறு, அடுத்தவன் அடுத்த நொடி என்ன செய்வான் என்று பார்க்கத் தெரிவது வேறு.

முறையான வரிசை இது: கரையில் சிறிய பயிற்சிப் பட்டம். ஆபத்தில் பட்டத்தின் இழுவையை விடுவிக்கும் க்விக் ரிலீஸைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடும் அளவுக்குப் பழக்கம். பிறகு போர்டு இல்லாமல் பட்டம் தண்ணீரில் உடம்பை இழுத்துச் செல்ல விடுவது, நடுக்கடலில் கயிற்றைப் பாரில் சுற்றிவிட்டுத் தானாகவே கரை சேர்வது. போர்டு கடைசியில்தான். முதல் சில மீட்டர் ஓட்ட, பலருக்கு 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி ஆகிறது. ஒரு வாரத்தின் முடிவில் அவ்வளவுதான் கைவரும் என்று மற்ற ஐந்து பேரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு பட்டத்துக்கு இருவர் என்று வகுப்பு எடுப்பார்கள். ஜோடியை எடை பார்த்துச் சேருங்கள், நட்புப் பார்த்து அல்ல. 55 கிலோக்காரரையும் 90 கிலோக்காரரையும் சேர்த்தால் ஒருவர் பறப்பார், மற்றவர் நட்டுவைத்த கம்பமாக நிற்பார். கணவன் மனைவியை ஒரே பட்டத்தில் சேர்க்கவே கூடாது என்பது என் சொந்தச் சட்டம், காரணம் கேட்காதீர்கள்.

கே: எனக்கு இந்த விளையாட்டே வேண்டாம். கூட்டத்தோடு போகிறேன், அவ்வளவுதான். பகல் முழுக்க என்ன செய்வது? – புத்தகப் பை

ப: காலையில் படியுங்கள். பல கடற்கரைகளில் நிலம் சூடேற ஏறக் கடற்காற்று வலுக்கும். மதியத்துக்கு மேல் கரையில் உட்கார்ந்தால் மணல்தான் பக்கம் புரட்டும்.

எப்படியும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் கரையில் பட்டம் பிடிக்க உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டுபவர் கட்டைவிரலை உயர்த்தினால் ஏவத் தயார், தலையைத் தட்டினால் இறக்கு என்று பொருள். கயிறுகள் சிக்கியிருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் பட்டத்தைக் கையைவிட்டு விடாதீர்கள். கயிற்றை ஒருபோதும் பிடிக்காதீர்கள், விரல் போய்விடும். பறக்கும் பட்டத்துக்குக் காற்று போகும் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

கே: எதிரெதிரே வந்தால் யார் விலக வேண்டும்? – அடிக்கடி மோதுபவன்

ப: வலது கை முன்னால் இருப்பவருக்கே வழி. ஒரே திசையில் தாண்டும்போது, காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்த வேண்டும், மற்றவர் தாழ்த்த வேண்டும். கரைக்குத் திரும்புகிறவர், கரையிலிருந்து கிளம்புகிறவருக்கு வழிவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தும் மோதுவீர்களானால், ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுங்கள்.

கே: பயணக் காப்பீடு எடுத்தாயிற்று. போதும்தானே?

ப: அதில் ‘கைட் சர்ஃபிங்’ என்று பெயர் சொல்லி இருக்கிறதா பாருங்கள். ‘நீர் விளையாட்டு’ என்று மொத்தமாகப் போட்டிருந்தால் நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: மழைமேகம் வரும்போதுதான் அருமையான காற்று கிடைக்கும் என்கிறார் எங்கள் குழுவின் சீனியர். உண்மையா?

ப: கிடைக்கும், சில நிமிடங்களுக்குள் இரண்டு மடங்காகவும் கிடைக்கும், திசை மாறியும் கிடைக்கும். அடிப்பகுதி கறுத்த மேகம் நெருங்கினாலோ, தூரத்துக் கடற்பரப்பு திடீரென்று இருண்டு வெள்ளை நுரை கட்டினாலோ எல்லாப் பட்டமும் இறங்கிவிட வேண்டும். முதலில் சீனியருடையதை இறக்குங்கள்.