புல மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

திண்டுக்கல் மாவட்டத்தில் தனியாக நில அளவைத் தொழில் செய்துவரும் வாசகர் ஒருவர் எழுதிய கேள்வியின் சாரம் இது: ‘என்னிடம் பத்தாண்டு பழைய டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. அண்மையில் பேஸ் (ஓரிடத்தில் நிற்பது), ரோவர் (கையில் எடுத்துச் செல்வது) என இரண்டு ஜி.என்.எஸ்.எஸ். (செயற்கைக்கோள் வழி இடமறியும்) கருவிகள் வாங்கினேன். அவற்றோடு, களத்தில் அளவுகளைப் பதிய ஓர் ஆண்ட்ராய்டு செயலியை இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இன்னொரு விற்பனையாளரோ, எல்லா நிறுவனக் கருவிகளையும் இயக்கும் மென்பொருள் என்று சொல்லி வேறொன்றைப் பெரிய விலைக்குக் காட்டுகிறார். மனைப்பிரிவு, தோட்ட அளவை, சூரிய மின் நிலைய வேலை ஆகியவைதான் எனக்கு வருபவை. ஒரே மென்பொருளால் இரண்டு வகைக் கருவிகளையும் இயக்க வேண்டுமா, இலவசச் செயலியே போதுமா?’

இலவசச் செயலியை உடனே ஒதுக்கவும் வேண்டாம், அதை நம்பி உடனே வேலைக்குப் போகவும் வேண்டாம். கருவியோடு வரும் செயலிகளில் பல நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றின் குறை திரையில் தெரியாது, மாலையில் கோப்பை எடுத்து வரைபடம் போட உட்காரும்போதுதான் தெரியும். ஆகவே தேர்வை அலுவலக மேசையிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் வாடிக்கையாளரிடம் நீங்கள் கொடுக்கப்போவது என்ன, அதற்கு எந்த எண்கள் தேவை, அந்த எண்களில் எது பிழையானாலும் வீட்டிலிருந்தே திருத்த முடியுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தால், விளம்பரத் தாளில் உள்ள வசதிகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

உங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பூமியை 6 பாகை அகல வலயங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யு.டி.எம். முறையில் 43, 44 ஆகிய இரு வலயங்களைப் பிரிப்பது 78 பாகை கிழக்குத் தீர்க்கக் கோடு. பழனியும் திண்டுக்கல் நகரமும் அதற்கு மேற்கே 43-இல் விழுகின்றன. நத்தம் கிழக்கே 44-இல் விழுகிறது. கோட்டை ஒட்டி மேற்கே, கிழக்குத் தூரம் (கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவு) 8 லட்சத்து 20 ஆயிரம் மீட்டருக்கு மேல் காட்டும். கோட்டைத் தாண்டியதும் அது 1 லட்சத்து 70 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிடும். வலயத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் செயலியில், எல்லைக்கு அருகே இருக்கும் ஒரே தோட்டத்தின் இரு பக்கங்கள் வரைபடத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும். வேலை தொடங்கும்போது நீங்கள் குறித்த வலயத்திலேயே கடைசிவரை நிற்கும் மென்பொருள்தான் வேண்டும்.

இதைவிட நுட்பமானது அளவுக் காரணி, அதாவது தரைத் தூரத்துக்கும் வரைபடத் தூரத்துக்கும் உள்ள விகிதம். யு.டி.எம். வலயத்தின் நடுக்கோட்டில் தூரங்கள் 0.9996 மடங்காகச் சுருங்கும். வலயத்தின் ஓரத்துக்கு வரும்போது அவை நீளும். திண்டுக்கல் ஏறக்குறைய ஓரத்திலேயே இருப்பதால், கடல் மட்டத்துக்கு மேல் உள்ள உயரத்தையும் கணக்கில் சேர்த்தால், தரையில் ஒரு கிலோமீட்டர் என்பது வரைபடத் தளத்தில் சுமார் 88 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். டோட்டல் ஸ்டேஷன் தருவது தரைத் தூரம், ரோவரின் ஆயத்தொலைவுகள் தருவது தளத் தூரம் என்பதால், இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தவுடன் ‘கருவி பிழை’ என்ற புகார் கிளம்பும். கருவிகள் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். பரப்பில் இது இரட்டிப்பாகும்: ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 76 சதுர அடி, பத்து ஏக்கர் மனைப்பிரிவில் ஒன்றே முக்கால் சென்ட் கூடுதலாகக் காட்டும். மனை விற்பவருக்கு அது சில்லறை விஷயம் அல்ல.

எனவே விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தளத் தூரத்தைத் தரைத் தூரமாக மாற்றும் அளவுக் காரணியை இந்த மென்பொருளில் எங்கே இடுவது என்பதுதான். அடுத்தது, ஆயத்தொலைவு தெரிந்த நான்கைந்து கற்களை ரோவரால் தொட்டு உள்ளூர் ஆயத்தொலைவுக்குப் பொருத்தும் லோக்கலைசேஷன் வசதி உண்டா, அப்படிப் பொருத்திய பிறகு ஒவ்வொரு கல்லிலும் எஞ்சும் பிழையை அது காட்டுகிறதா என்பது. எஞ்சிய பிழையைக் காட்டாமல் ‘வெற்றி’ என்று மட்டும் சொல்லும் செயலியை நான் எல்லைக்கல் வேலைக்கு எடுத்துப் போகமாட்டேன்.

உயரத்திலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். தமிழ்நாட்டில் ஜியாய்டு மேற்பரப்பு (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய கற்பனைப் பரப்பு), ஜி.பி.எஸ். பூமியின் வடிவமாகப் பயன்படுத்தும் நீள்வட்டக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இ.ஜி.எம். 2008 போன்ற ஜியாய்டு மாதிரியை ஏற்றாமல் அளந்தால் சென்னைக் கடற்கரையில்கூட உயரம் 80 மீட்டருக்கு மேல் மைனஸில் வரும். மாதிரிக் கோப்பை நீங்களே ஏற்ற முடியுமா, எந்த மாதிரி பயன்பட்டது என்பது வேலைக் கோப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள்.

இனி மூலப் பதிவுகள். ஒரு புள்ளிக்கு எண், கிழக்கு, வடக்கு, உயரம், குறியீடு என்று ஐந்தை மட்டும் சேமிக்கும் செயலி நில அளவருக்குப் போதாது. கோணம், சாய்வுத் தூரம், கருவி உயரம், ப்ரிசம் (ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடி) உயரம், ப்ரிசம் மாறிலி (அந்தக் கண்ணாடிக்காகத் தூரத்தில் செய்யும் திருத்தம்), பின்நோக்கிய புள்ளி (திசையை நிறுவப் பார்த்த தெரிந்த புள்ளி) ஆகிய அனைத்தும் தனிப் பதிவுக் கோப்பில் இருக்க வேண்டும். உதவியாளர் ப்ரிசம் கம்பத்தை 1.5 மீட்டரிலிருந்து 1.8-க்கு ஏற்றியதைச் சொல்ல மறந்தால், மூலப் பதிவு இருக்கும்வரை அது ஐந்து நிமிடத் திருத்தம். இல்லையென்றால் மறுநாள் மீண்டும் அதே வயலுக்குப் பயணம். ப்ரிசம் மாறிலியும் அப்படியே. லைக்கா கருவிகள் 0 என்று குறிப்பிடும் வட்ட ப்ரிசம், மற்ற நிறுவனங்களின் கணக்கில் கழித்தல் 34.4 மில்லிமீட்டர். ப்ரிசம் ஒரு நிறுவனம், கருவி வேறொரு நிறுவனம் என்று கலந்து வைத்திருப்பவர்கள் (நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்) இதைப் பின்னால் திருத்த வழியுள்ள மென்பொருளையே நாட வேண்டும்.

ரோவர் பக்கத்தில், ஒவ்வொரு புள்ளியோடும் அது ஃபிக்ஸ்டா (சென்டிமீட்டர் அளவில் உறுதியானது), ஃப்ளோட்டா (இன்னும் உறுதியாகாதது) என்பதும், மதிப்பிட்ட துல்லியமும், ஆன்டெனா உயரம் எங்கிருந்து எங்கு வரை அளக்கப்பட்டது என்பதும் சேமிக்கப்பட வேண்டும். ஃப்ளோட் நிலையில் புள்ளியைப் பதியவே விடாதபடி பூட்டும் வசதி இருந்தால் அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். தென்னந்தோப்பில் அவசரத்தில் எடுக்கும் புள்ளிகளுக்கு அதுதான் காவல். இந்திய நில அளவைத் துறையின் கோர்ஸ் (எப்போதும் இயங்கும் நிலையான ஜி.என்.எஸ்.எஸ்.) நிலையங்களிலிருந்து என்ட்ரிப் (இணையம் வழியே திருத்தம் அனுப்பும் முறை) வழியாகத் திருத்தம் பெற எண்ணினால், ரோவரின் இருப்பிடத்தை ஜி.ஜி.ஏ. செய்தியாகத் திருப்பி அனுப்பும் தெரிவு செயலியில் இருக்க வேண்டும். ரோவருக்கு அருகே ஒரு நிலையம் இருப்பதுபோலக் கணக்கிட்டுத் தரும் மெய்நிகர் நிலையச் சேவை அந்தச் செய்தி இல்லாமல் திருத்தம் தராது.

தமிழில் குறிப்பு எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்னொன்றையும் சோதியுங்கள். ‘கிணறு’, ‘வரப்பு’ என்று தட்டச்சு செய்து, சி.எஸ்.வி. (அட்டவணைக் கோப்பு) ஆகவும் டி.எக்ஸ்.எஃப். (வரைபடக் கோப்பு) ஆகவும் ஏற்றுமதி செய்து, உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். கேள்விக்குறிகளோ கட்டங்களோ வந்தால், குறியீடுகளை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது தவிர வழியில்லை.

மென்பொருள்களின் பெயர்களுக்கு வருவோம். ட்ரிம்பிள் ஆக்சஸ், லைக்கா கேப்டிவேட் போன்றவை அந்தந்த நிறுவனக் கருவிகளைச் சுற்றி அமைந்தவை. அந்தக் கருவி உங்களிடம் இல்லாதபோது அவற்றைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கார்ல்சன் சர்வ்பிசி, ஃபீல்டுஜீனியஸ் ஆகியவை பல நிறுவனக் கருவிகளோடு பேசக்கூடியவை. உங்களுக்குக் காட்டப்பட்டதும் இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். கியூஃபீல்டு, எஸ்டபிள்யூ மேப்ஸ் இரண்டும் செலவில்லாதவை. மரம், மின்கம்பம், குழாய் என்று விவரங்களோடு பட்டியலிடும் வேலைக்கு அருமையானவை. ஆனால் டோட்டல் ஸ்டேஷனோடு பேசும் வேலைக்கு அவை உருவாக்கப்படவில்லை.

மென்பொருள் உங்கள் தரவை இணையக் கிடங்குக்குத் தானாக அனுப்புமானால், அந்தக் கிடங்கு எந்த நாட்டில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் செங்குத்தில் 3 மீட்டரையும்விடத் துல்லியமான புவியியல் தரவுகளை இந்தியாவுக்குள்தான் சேமிக்கவும் கையாளவும் வேண்டும். சென்டிமீட்டர் அளவில் வேலை செய்யும் நாம் ஒவ்வொரு நாளும் அந்த வரம்புக்குள் வருகிறோம்.

ஒரே மென்பொருளால் இரண்டையும் இயக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, உங்கள் நிலையில் இப்போது வேண்டாம் என்பேன். உங்கள் டோட்டல் ஸ்டேஷன் தானாகச் சுழலாத வகை என்றால், கருவியின் பக்கத்தில் ஒருவர் எப்படியும் நின்றே ஆக வேண்டும். அவர் அதன் உள் மென்பொருளிலேயே பதிந்துகொள்ளலாம். பத்தாண்டுக்கு முந்தைய கருவிகளில் பல, ஒன்பது முனைக் கேபிளை மட்டுமே நம்பியிருப்பவை. டேப்லெட்டோடு இணைப்பதற்கே தனி மாற்றி வாங்க வேண்டியிருக்கும். தானாகச் சுழன்று ப்ரிசத்தைத் தொடரும் கருவி வாங்கும் நாளில் பல நிறுவன மென்பொருளுக்குச் செலவிடுவது பயன் தரும்.

அதற்குமுன் இலவசச் செயலியை ஒரு நாள் சோதியுங்கள். திறந்த வெளியில் ஒன்றையொன்று பார்க்கும்படி, 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் நான்கு ஆணிகள் அடித்து, காலையிலும் மாலையிலும் ரோவரால் தொடுங்கள். நடுவில் பேஸை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். பிறகு ஆணிகளுக்கு இடையிலான தூரங்களை டோட்டல் ஸ்டேஷனால் அளந்து, அளவுக் காரணி இட்ட பிறகு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். காலை மாலை வேறுபாடு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளும், தூர வேறுபாடு அதே அளவிலும் இருந்து, மூலப் பதிவும் முழுமையாக வெளியே வந்தால் இலவசச் செயலியிலேயே தொடருங்கள். அளவுக் காரணி இட இடமே இல்லையென்றாலோ மூலப் பதிவு வெளிவராவிட்டாலோ மட்டும் விலைக்குக் காட்டியதன் சோதனைப் பதிப்பைக் கேட்டு வாங்கி, அதே நான்கு ஆணிகளில் அதே சோதனையைச் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன், உரிமம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டியதா, டேப்லெட் உடைந்தால் இன்னொன்றுக்கு மாற்றித் தருவார்களா என்ற இரண்டையும் விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.