ட்ரையர் அடுப்புக்கு எந்த நிக்கல் கலவை?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் அடுப்பின் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்கள் செதில் செதிலாக உதிர்கின்றன. இன்கொனல் 600 என்ற நிக்கல் கலவை போடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம், காசு வீண். 304இல் நிக்கல் 8 சதவீதம்தான். மூட்டி அணைக்கும் அடுப்பில் 870 பாகை செல்சியசைத் தாண்டினால் மேலே படிந்த ஆக்சைடு படை உரியும். ஆறும்போது படையும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதே காரணம். 310 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள்: குரோமியம் 25, நிக்கல் 20 சதவீதம். இதே வேலையில் சுமார் 1035 பாகை வரை தாங்கும். இன்கொனலில் நிக்கல் 72 சதவீதத்துக்கு மேல். விலையும் பல மடங்கு. மொனல் 400 என்ற நிக்கல்-செம்புக் கலவை கடல்நீருக்கு அருமை, நெருப்புக்கு அல்ல.

ஒட்டுவதற்கும் 310 வெல்டிங் கம்பியே வேண்டும். காந்தத்தை நம்பி வாங்காதீர்கள், 304, 310 இரண்டிலும் அது பிடிக்காது. குழாயில் அச்சிட்ட ஹீட் நம்பர் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) ஆலை தரும் சான்றிதழில் இருக்கிறதா என்று பாருங்கள்.