கண்ணுக்குக் கீழே வரும் சிரிங்கோமா புற்றுநோயாக மாறுமா? எடுத்துவிடலாமா?

மாறாது, பயப்படாதீர்கள். கண்ணுக்குக் கீழே பொடிப் பொடியாக மேடுகள், வலி இல்லை, டாக்டர் சிரிங்கோமா என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதேதான். 26 வயதில் தொடங்கியது, இப்போது 39.

நான் முதலில் டாக்டரிடம் போகவில்லை. பெரம்பூரில் எங்கள் தெருமுனைப் பார்லருக்குப் போனேன். "ஒயிட்ஹெட்ஸ்தான் அக்கா, ஊசியால குத்தினா வந்துடும்" என்றார் அந்தப் பெண். ஒன்றைக் குத்தினார், எதுவும் வரவில்லை. டிஷ்யூவை வைத்து அழுத்தினார், ரத்தம் மட்டும் வந்தது. அப்படி மூன்று இடத்தில். மேடுகள் அப்படியே இருந்தன. குத்திய இடம் கறுத்து, அந்தக் கறுப்பு மறைய எட்டு மாதம் ஆனது.

ஏன் வரவில்லை என்று பின்னால்தான் புரிந்தது. மிலியா என்று ஒன்று இருக்கிறது; அதைக் கீறினால் உள்ளே வெள்ளையாக ஒரு குருணை இருக்கும், வெளியே வந்துவிடும். சிரிங்கோமாவில் பிதுக்கி எடுக்க எதுவுமே இல்லை. வியர்வையை மேலே கொண்டுவரும் மெல்லிய குழாயின் செல்களே தோலின் உள்ளடுக்கில் பெருகி நிற்கின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தக் குட்டிக் குழாய்கள் வாலுள்ள தலைப்பிரட்டை மாதிரி தெரியுமாம். 1872இல் இதை முதலில் விவரித்த கப்போசி, பீசியாடெக்கி என்ற டாக்டர்களே இது வியர்வைக் குழாயில் இல்லை, நிணநீர்க் குழாயில் வருவது என்றுதான் நினைத்தார்கள்.

அப்புறம் தோல் டாக்டரிடம் போனேன். சீட்டில் அவர் 'பினைன் ட்யூமர்' என்று எழுதியிருந்தார். என் தம்பி இரண்டாவது சொல்லை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டான். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். "பினைன்னா பரவாது, உள்ள இறங்காதும்மா. மருவு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியைச் சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுத்தால் எத்தனை வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

இனி, எடுப்பது பற்றி. எடுக்கலாம், ஆனால் அழகுக்காக மட்டுமே. ரேடியோ ஃப்ரீக்வன்சி, கார்பன் டை ஆக்ஸைடு லேசர் இரண்டுமே செய்கிறார்கள்; இரண்டுமே மேட்டைச் சுட்டு எடுப்பவைதான். வேர் ஆழத்தில் இருப்பதால் மேலே மட்டும் சுட்டால் திரும்ப வரும். ஆழமாகச் சுட்டால் தழும்பு. நம் மாநிறத் தோலில் சுட்ட இடம் கறுப்பதும் சகஜம். அதனால் என் டாக்டர் முதலில் ஓரமாக இரண்டை மட்டும் எடுத்துவிட்டு ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார். மரத்துப்போகும் க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். சுருக்கென்று ஒரு சூடு, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது. நீங்களும் இப்படி ஒன்றிரண்டில் பார்க்காமல் மொத்தமாகச் செய்யச் சம்மதிக்காதீர்கள். அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிக் கண்ணோரம் தடவவே தடவாதீர்கள். மேடு கரையாது, தோல்தான் மெலிந்துபோகும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்களுடையது கத்திரி வெயிலில் நீர்க்கொப்புளம் போலப் பெரிதாகி, மார்கழியில் சுருங்கினால் அது சிரிங்கோமாவாக இல்லாமல் ஹைட்ரோசிஸ்டோமாவாக இருக்கலாம். அதுவும் வியர்வைச் சுரப்பியில் வருவதுதான், அதுவும் சாதுதான், ஆனால் வைத்தியம் வேறு. ஒரே ஒரு மேடு மட்டும் தனியாக வளர்ந்துகொண்டே போனாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். செலவு யோசனையாக இருந்தால் சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள்.