சட்டைப் பையைத் தேடும் கை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: விட நினைக்கிறேன், முடியவில்லை. பெயர் போடாதீர்கள் என்று எல்லோரும் கேட்டிருப்பதால் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் என் பதில்.

எட்டு மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருந்தேன். பழைய நண்பர்கள் கூடிய ஓர் இரவில் ஒன்றே ஒன்று பிடித்தேன். அடுத்த வாரமே பழையபடி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். எனக்கு மன உறுதியே கிடையாது என்கிறாள் மனைவி. உண்மைதானா?

எட்டு மாதம் தாக்குப்பிடித்தவருக்கே மன உறுதி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறதாம்? நான் சொன்னதாகவே வீட்டில் சொல்லுங்கள்.

சிகரெட்டை நிறுத்தியதும் உடம்பு படுத்தும் பாடு முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே எட்டாவது மாதத்தில் உங்களைக் கவிழ்த்தது நிக்கோட்டின் அல்ல. அந்த மேஜை, அந்த முகங்கள், பேச்சுக்கு நடுவே ஒருவர் பாக்கெட்டை நீட்டிய விதம். மார்க் பவுட்டன் என்ற உளவியலாளர் இதை விலங்குகளிடம் பல வருடம் சோதித்துப் பார்த்தவர். ஒரு கூண்டில் கற்றுக்கொண்டதை வேறொரு கூண்டில் வைத்து மறக்கடிக்கலாம். ஆனால் பழைய கூண்டுக்குள் திரும்ப விட்டால், மறந்தது மறுபடி தலைகாட்டும். பழக்கம் அழியவில்லை, அடங்கித்தான் இருந்தது. நீங்கள் அன்று இரவு போனது பழைய கூண்டுக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகத் தெரியவந்தது. 1971-இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து போய் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் போலத்தான். இடம் மாறியது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். போரின் பயம் இல்லை, சலிப்பு இல்லை, ஹெராயினும் அவ்வளவு லேசில் கிடைக்காது. எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் திடீரென்று மன உறுதி முளைத்துவிட்டது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் சேதம் செய்தது அந்த ஒரு சிகரெட்கூட இல்லை, மறுநாள் காலை நீங்கள் உங்களிடமே சொல்லிக்கொண்டது. 'சரி, எல்லாம் போச்சு, இனி என்ன?' இந்த நினைப்பை ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு தடவை சறுக்கியவரை முழுக்க விழவைப்பது பெரும்பாலும் இதுதான். எட்டு மாதக் கணக்கை ஏன் அழிக்கிறீர்கள்? எட்டு மாதமும் ஒரு சிகரெட்டும் என்று எழுதி வையுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் போன் மணி அடித்தால் சிகரெட் பற்றவைப்பவர். எதிரே உட்கார்ந்து என்னோடு பேசும்போதே வெளியே யாருடைய போனாவது ஒலித்தால் வலது கை சட்டைப் பைக்குப் போகும். பை காலிதான். இருந்தாலும் இரண்டு விரல் உள்ளே போய்த் துழாவிவிட்டு வரும். அவருக்கு அது தெரியவே தெரியாது. நான் சொன்னதை நம்பாமல் ஒரு சின்ன நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார்: எத்தனை மணி, எங்கே, யாரோடு, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது. நோட்டு பாதி நிறைவதற்குள் போன்தான் காரணம் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். பை இல்லாத சட்டைக்கு மாறினார். போன் வந்தால் வலது கையில் பேனா என்று வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் அந்தக் கை வெறும் நெஞ்சைத் தடவிவிட்டுத் திரும்பியது. அப்புறம் அதுவும் நின்றது.

நீங்களும் எழுதுங்கள். நண்பர்களை அடுத்த முறை பார்க்கப் போகும் முன்பே 'அவன் பாக்கெட்டை நீட்டினால் நான் எழுந்து போய் தண்ணீர் எடுத்து வருவேன்' என்பது போல ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். 'இன்று பிடிக்கவே மாட்டேன்' என்ற சபதம் அந்த நொடியில் உதவாது, கைக்கு என்ன வேலை என்று அதில் சொல்லவில்லையே. மருத்துவரிடம் நிக்கோட்டின் கம், பேட்ச் பற்றியும் கேளுங்கள். வெற்றி வாய்ப்பு கூடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயது 34. இன்னமும் ரத்தம் வரும்வரை நகம் கடிக்கிறேன். கசப்பு மருந்து தடவியும் பார்த்தாயிற்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அம்மா சொல்வது சரியாகிவிடுமோ?

அம்மா பழமொழி சொல்லிக்கொண்டிருக்கட்டும். நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-லேயே இந்த மாதிரிப் பழக்கங்களுக்கென்று ஒரு பயிற்சி முறையை வெளியிட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ஆலோசகர்கள் அதைத்தான் சொல்லித்தருகிறோம்.

வாய்க்கு வந்த பிறகு விரலைப் பிடிப்பது தாமதம். அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பலருக்குக் கட்டைவிரல் மற்ற நகங்களின் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். எங்கோ ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அதைச் சரி செய்யத்தான் பல் வருகிறது! நகம் கடிப்பது பாதி நேரம் பதற்றம் இல்லை, ஒழுங்கு செய்யும் ஆசை. ஆகவே நகம் ராவும் சின்ன அரம் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தடவல் தொடங்கியது தெரிந்ததும் முஷ்டியை மெல்ல இறுக்கி ஒரு நிமிடமாவது வைத்திருங்கள். ஏதாவது ஒரு பொருளை இறுகப் பிடித்தாலும் சரி. யாருக்கும் தெரியாது, கூட்டத்தின் நடுவிலும் செய்யலாம். முதலில் பத்தில் ஒன்றைத்தான் முன்கூட்டிப் பிடிப்பீர்கள். அது போதும். சதை கிழிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள். 21 நாள் காலையில் ஓடினேன். 22-ஆம் நாள் போர்வையை விட்டு எழவில்லை. என்ன தப்பு?

அந்த 21-தான் தப்பு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது அது. முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். 'குறைந்தது' வழியிலேயே உதிர்ந்துவிட்டது, முகத்துக்குச் சொன்னது ஓட்டத்துக்கும் வந்துவிட்டது.

லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. உடற்பயிற்சிக்கு அதைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அதனால் 23-ஆம் நாள் ஓடப் போங்கள்.

அப்பா பல வருடமாகத் தினமும் அதிகம் குடிக்கிறார். நாளை முதல் ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். சரிதானே?

நிறுத்துவது சரி. நாளைக்கே, வீட்டிலேயே, மருத்துவர் இல்லாமல் என்பது ஆபத்து. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு குழம்பிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், மற்ற எதுவும் அப்புறம்.

படுக்கையில் போனை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். எந்தச் செயலியைப் போட்டால் இது நிற்கும்?

போனை நிறுத்த போனிலேயே இன்னொன்றா? சார்ஜரைக் கழற்றி வேறு அறையில் மாட்டுங்கள். போன் இரவு அங்கேயே கிடக்கட்டும். எழுந்து, விளக்கைப் போட்டு, நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால் முக்கால்வாசி நாள் எழ மாட்டீர்கள். அலாரம் அதில்தானே இருக்கிறது என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். மணி அடிக்கும் கடிகாரங்கள் இன்னமும் விற்கிறார்கள்.