வாசகர் கேள்வி: பிரித்துக் கொடுத்தும் ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். காகிதம், டின், பிளாஸ்டிக் எல்லாம் குப்பையிலிருந்து பிரித்து ஒரே பையில் கட்டித் தருகிறோம். பழைய சாமான் வாங்குபவர் பாதியைத் திருப்பிவிடுகிறார். ஏன்?

பதில்: அந்த ஒரே பைதான் கோளாறு. பால் டின்னில் ஒட்டியிருக்கும் நாலு சொட்டுப் பால் போதும், நாளிதழ் ஊறிப் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு அது காகித ஆலைக்கு ஆகாது. டின்னில் அரிசி கழுவிய தண்ணீரைக் கால் கிளாஸ் ஊற்றிக் குலுக்கி, கவிழ்த்துக் காயவையுங்கள். சவர்க்காரமெல்லாம் வேண்டாம். காகிதத்தைத் தனியே கயிற்றால் கட்டி, மழைச்சாரல் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது நாசி லெமாக் பொட்டலத் தாள். பலரும் ஏமாறுவது இதில்தான். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். சம்பல் எண்ணெய் வேறு. அது சாதாரணக் குப்பைதான். உட்புறம் வெள்ளியாக மின்னும் மைலோ பாக்கெட்டும் அப்படியே.

நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரிப்பது கட்டாயம். மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக், டின்னுக்கு. பேட்டரியை இவை எதிலும் போடாதீர்கள்; நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.